அப்டேட்டுக்குப் பிறகு பிரவுசர் தானாக மூடிக்கொள்கிறதா? அழித்துவிட்டு மறுபடி போடுவதற்கு முன் இதைப் படியுங்கள்

ஒரு புதன்கிழமை காலை, தேதி 11. திருப்பூர் பல்லடம் ரோட்டில் ஒரு சின்ன பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கும் அக்காவிடமிருந்து போன் வந்தது. "ஏனுங் தம்பி, காத்தால இருந்து குரோமைத் தொறந்தா அதுவா மூடிக்குதுங்க. ரெண்டு தடவ எடுத்துட்டு மறுபடியும் போட்டுப் பாத்துட்டேன். ஜிஎஸ்டி இன்னைக்கே போட்டாகோணும்." வெளியே வண்டி லோடு ஏற்றி நிற்கிறது, சரக்கோடு போக வேண்டிய ஈ-வே பில் எடுக்க முடியவில்லை என்றும் சொன்னார்.

நான் கேட்ட முதல் கேள்வி, "நேத்து ராத்திரி அப்டேட் ஏதாச்சும் ஓடுச்சுங்களாக்கா?" ஓடியிருந்தது.

விண்டோஸின் மாதாந்திர அப்டேட், அமெரிக்கக் கணக்குப்படி மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியாகிறது. நமக்கு அது செவ்வாய் ராத்திரியோ புதன் காலையோ வந்து இறங்கும். இரண்டாவது செவ்வாய் எப்போதும் 8-ஆம் தேதிக்கும் 14-ஆம் தேதிக்கும் நடுவில்தான் விழும். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்குக்குக் கடைசி நாள் 11. அப்டேட்டும் தாக்கலும் ஒரே வாரத்தில் வந்து முட்டிக்கொள்கின்றன. திருப்பூர், கரூர், ஈரோடு பக்கம் மாதத்தின் நடுவில் இந்தப் புகார் அதிகம் வருவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அந்த அக்கா செய்ததைத்தான் நிறையப் பேர் செய்கிறார்கள். குரோம் மூடிக்கொண்டால் குரோமை எடுத்துவிட்டு மறுபடி போடுவது. அப்டேட்டுக்குப் பிறகு வரும் கோளாறில் பெரும்பாலும் குரோம் மேல் தப்பே இருக்காது. அப்டேட் தொட்டுவிட்டுப் போன வேறொன்று, முக்கியமாக டிஸ்ப்ளே டிரைவரோ (திரையில் படம் காட்டும் சிப்பை ஓட்டும் சாஃப்ட்வேர்) ஆன்டிவைரஸோ, அதைக் கீழே தள்ளிக்கொண்டிருக்கும். அதை விட்டுவிட்டுக் குரோமை எத்தனை முறை மாற்றினாலும் பலன் இல்லை.

முதலில் இன்றைய வேலையை முடியுங்கள்

கோளாறைச் சரி செய்வது அப்புறம். வண்டி நிற்கும்போது வேறு பிரவுசரில் வேலையை ஓட்டுங்கள். இதில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா எல்லாம் குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தில் கட்டியவை. ஒன்றை விழுத்தாட்டிய கோளாறு மற்றதையும் விழுத்தாட்டக்கூடும். ஃபயர்பாக்ஸ் தனக்கென்று வேறு இன்ஜின் வைத்திருக்கிறது. அதனால் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றிலும் ஃபயர்பாக்ஸைப் போட்டு வைக்கச் சொல்கிறேன். தினமும் பயன்படுத்தாவிட்டாலும் பரவாயில்லை, இருக்கட்டும்.

அது மட்டுமில்லை, இது சோதனையும் கூட. எட்ஜும் சேர்ந்து விழுகிறதா, ஃபயர்பாக்ஸ் மட்டும் விழாமல் நிற்கிறதா, மூன்றுமே விழுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். குரோம் மட்டும் விழுந்தால் அதன் புரொஃபைலையும் (உங்கள் புக்மார்க், பாஸ்வேர்டு, செட்டிங்ஸ் இருக்கும் ஃபோல்டர்) எக்ஸ்டென்ஷனையும் (பிரவுசரில் கூடுதலாகச் சேர்த்த குட்டி புரோகிராம்) சந்தேகப்படலாம். மூன்றும் விழுந்தால் கோளாறு பிரவுசருக்கு வெளியே இருக்கிறது.

ஒரு முறை ரீஸ்டார்ட், ஷட்டவுன் அல்ல

பலர் ஷட்டவுன் செய்து மறுபடி ஆன் செய்துவிட்டு, ரீஸ்டார்ட் பண்ணியாயிற்று என்பார்கள். இரண்டும் ஒன்றல்ல. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி ஆன் ஆகியிருந்தால், ஷட்டவுன் கொடுத்தாலும் சிஸ்டத்தின் உள்பகுதி முழுதாக அணைவதில்லை. அதை அப்படியே ஹார்டு டிஸ்க்கில் எழுதி வைத்து, ஆன் செய்ததும் திரும்ப எடுத்துக்கொள்கிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும், அப்டேட் பாதியில் விட்டிருந்த வேலையும் முடியும். ஸ்டார்ட் மெனுவில் ரீஸ்டார்ட் என்பதையே அழுத்துங்கள். சில கேஸ்கள் இதோடு முடிந்துவிடும்.

புரொஃபைலைக் காப்பாற்றுங்கள்

இதைத் தாண்டிப் போக வேண்டாம், மற்ற எதையும் விட இது முக்கியம். பிரவுசர் போனால் அஞ்சு நிமிடத்தில் திரும்ப வரும். புக்மார்க், சேமித்த பாஸ்வேர்டு, பேங்க் லாகின் போனால் வராது.

குரோமை அன்இன்ஸ்டால் செய்யும்போது ஒரு சின்னப் பெட்டி வரும். உங்கள் பிரவுசிங் டேட்டாவையும் சேர்த்து அழிக்கவா என்று கேட்கும். அதில் டிக் போடாவிட்டால் பழைய புரொஃபைல் அப்படியே இருக்கும், கெட்டுப்போன கோப்பும் அதோடு இருக்கும், புதுக் குரோமும் அதே இடத்தில் மூடிக்கொள்ளும். டிக் போட்டால் எல்லாம் போய்விடும். சோமனூரில் ஒரு விசைத்தறிக்காரர் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பார்க்க வந்த ஒருவர் அந்த டிக்கைப் போட்டுவிட்டார். மூன்று கணக்குகளின் பாஸ்வேர்டு குரோமில் மட்டும்தான் இருந்தது. ஒவ்வொன்றையும் திரும்ப வாங்க அவர் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

காப்பி எடுக்கும் முறை இது. குரோமை முழுதாக மூடுங்கள். விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ரன் பெட்டி வரும். அதில் ஒரு சதவீதக் குறி, இடைவெளி இல்லாமல் லோக்கல்ஆப்டேட்டா என்று ஆங்கிலத்தில், மறுபடி ஒரு சதவீதக் குறி போட்டு என்டர் தட்டுங்கள். திறக்கும் ஃபோல்டரில் கூகுள், அதற்குள் குரோம், அதற்குள் யூசர் டேட்டா. இந்த யூசர் டேட்டா ஃபோல்டர் முழுவதையும் டி டிரைவுக்கோ பென்டிரைவுக்கோ காப்பி செய்துகொள்ளுங்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. சேமித்த பாஸ்வேர்டுகள் உங்கள் விண்டோஸ் கணக்கோடு பூட்டப்பட்டிருக்கும். இந்த ஃபோல்டரை வேறு கம்ப்யூட்டரில் வைத்தாலும், விண்டோஸையே புதிதாகப் போட்டாலும், புக்மார்க் வரும், பாஸ்வேர்டு வராது. அதனால் குரோம் ஒரு நிமிடமாவது மூடாமல் நிற்கிறது என்றால், அந்த நேரத்தில் பாஸ்வேர்டு மேனேஜருக்குள் போய் செட்டிங்ஸில் பாஸ்வேர்டுகளை டவுன்லோட் செய்துவிடுங்கள். அந்தக் கோப்பை யார் திறந்தாலும் எல்லாவற்றையும் படிக்கலாம். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள், ரீசைக்கிள் பின்னிலிருந்தும் சேர்த்து.

எப்படி மூடுகிறது என்று கவனியுங்கள்

மாட்டுக்கு என்ன நோவு என்று பார்க்காமல் மருந்து கொடுப்பதில்லை. ஜன்னல் மொத்தமாக மறைகிறதா? ஒரு டேப் மட்டும் சோகமான முகத்தோடு ஆ ஸ்னாப் என்கிறதா? திரை கறுத்து, மின்னி, அப்புறம் மறைகிறதா?

திறந்த வினாடியே மறைந்தால் புரொஃபைல் அல்லது ஆன்டிவைரஸ். மின்னல், கறுப்புக் கட்டம், எழுத்து கலைவது என்றால் கிராஃபிக்ஸ். ஒரு டேப் மட்டும் விழுந்தால் அந்தப் பக்கத்திலேயே கீழே ஒரு எரர் கோட் சின்னதாக இருக்கும், அதைப் படியுங்கள். அவுட் ஆஃப் மெமரி என்றால் ரேம் போதவில்லை. 4 ஜிபி மட்டும் வைத்துக்கொண்டு டேலியையும் இருபது டேப்பையும் ஓட்டினால் இது வரத்தான் செய்யும். ஸ்டேட்டஸ் இன்வேலிட் இமேஜ் ஹேஷ் என்றால் வெளியிலிருந்து ஏதோ ஒன்று பிரவுசருக்குள் நுழையப் பார்க்கிறது. பெரும்பாலும் அது ஆன்டிவைரஸ்தான்.

பிரின்ட் கொடுக்கும்போது மட்டும் விழுகிறதா என்றும் பாருங்கள். ஈ-வே பில் எல்லாம் நிரப்பி முடித்து, பிரின்ட் அழுத்தியதும் போய்விடுகிறது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது பிரின்டர் டிரைவர். டீஃபால்ட் பிரின்டரை மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப் என்று மாற்றிப் பாருங்கள். அப்போது விழவில்லை என்றால் பிரின்டர் கம்பெனியின் புது டிரைவரைப் போட்டால் போதும்.

விண்டோஸ் எழுதி வைத்திருக்கும் குறிப்பு

ஒரு புரோகிராம் விழும்போதெல்லாம் விண்டோஸ் அதைக் குறித்து வைக்கிறது. தெரிந்தவர்கள்கூட இதைப் பார்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தம், ஏனென்றால் பாதி விடை அங்கேயே இருக்கும்.

ஸ்டார்ட்டில் ரிலையபிலிட்டி என்று டைப் செய்தால், வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி வரும். நாள்வாரியாகக் கட்டங்கள் இருக்கும். சிவப்பு வட்டத்தில் பெருக்கல் குறி இருந்தால் அன்றைக்கு ஏதோ விழுந்திருக்கிறது. அதே கட்டத்தின் கீழே அன்று போட்ட அப்டேட்டுகளும் இருக்கும். எந்த அப்டேட்டுக்கு அடுத்து விழ ஆரம்பித்தது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

அந்த சிவப்புக் குறியை அழுத்தி டீடெய்ல்ஸ் பாருங்கள். அன்றைக்கு பல்லடம் ரோட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஃபால்ட்டிங் அப்ளிகேஷன் நேம் என்ற இடத்தில் குரோம். அது தெரிந்ததுதான். எக்ஸெப்ஷன் கோட் என்ற இடத்தில் சி என்ற எழுத்து, ஆறு சைபர், ஒரு 5. தனக்கு அனுமதியில்லாத நினைவகத்தைத் தொடப் போனது என்று அர்த்தம், இதை மட்டும் வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. நான் தேடியது ஃபால்ட்டிங் மாட்யூல் நேம். அங்கே ஐ, ஜி என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும் ஒரு பெயர் இருந்தது.

ஐ, ஜி என்று தொடங்கினால் பெரும்பாலும் இன்டெல் டிஸ்ப்ளே டிரைவர். என், வி என்றால் என்விடியா. ஏ, டி, ஐ அல்லது ஏ, எம், டி என்றால் ஏஎம்டி. ஆன்டிவைரஸின் பெயரோ அதன் சுருக்கமோ இருந்தால் அதுதான் ஆள். என்டிடிஎல்எல் என்று இருந்தால் அதை நம்பி ஒரு பக்கம் போகாதீர்கள். அது விண்டோஸின் பொதுவான கோப்பு, யார் தள்ளினாலும் அதன் மேல்தான் போய் விழும்.

கிராஃபிக்ஸ் டிரைவர்

நான் பார்ப்பதில் அதிகம் இதுதான். லேப்டாப் கம்பெனி போட்டுக்கொடுத்த டிரைவரை எடுத்துவிட்டு விண்டோஸ் அப்டேட் தன் கையிலிருக்கும் வேறொன்றைப் போட்டுவிடும். பிரவுசர்கள் படம், வீடியோ, எழுத்து எல்லாவற்றையும் கிராஃபிக்ஸ் சிப்பை வைத்துத்தான் வரைகின்றன. டிரைவர் தடுமாறினால் முதலில் விழுவது அவைதான். டேலி ஓடுகிறது, எக்செல் ஓடுகிறது, குரோம் மட்டும் ஓடவில்லை என்று குழம்புவதும் இதனால்தான்.

சோதித்துப் பார்க்க, குரோமின் செட்டிங்ஸில் சிஸ்டம் என்ற பகுதிக்குப் போய், யூஸ் கிராஃபிக்ஸ் ஆக்சலரேஷன் என்று தொடங்கும் பட்டனை ஆஃப் செய்து, ரீலாஞ்ச் கொடுங்கள். எட்ஜிலும் சிஸ்டம் பகுதியில் இதே பட்டன் இருக்கிறது.

செட்டிங்ஸ் வரை போகவே விடாமல் மூடிக்கொண்டால், டெஸ்க்டாப்பில் உள்ள குரோம் ஷார்ட்கட்டில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸ் போங்கள். டார்கெட் என்ற கட்டத்தின் கடைசியில், மேற்கோள் குறிக்கு வெளியே, ஒரு இடைவெளி, இரண்டு சிறுகோடு, டிசேபிள், ஒரு சிறுகோடு, ஜிபியு என்று ஆங்கிலத்தில் சேர்த்து ஓகே கொடுங்கள். அந்த ஷார்ட்கட்டில் திறப்பதற்கு முன் டாஸ்க் மேனேஜரில் குரோம் என்று இருப்பதையெல்லாம் முடித்துவிடுங்கள். பின்னால் ஒன்று ஓடிக்கொண்டிருந்தாலும் நீங்கள் சேர்த்தது வேலை செய்யாது. இதைச் செய்யாமல், பார்த்தாயிற்று, பலனில்லை என்று விட்டுவிடுபவர்கள் நிறைய.

இப்போது மூடாமல் நிற்கிறதா? அப்போது டிரைவர்தான் காரணம். இதோடு விட்டுவிடாதீர்கள். ஆக்சலரேஷன் இல்லாமல் ஓட்டினால் எல்லா வேலையும் பிராசஸர் தலையில் விழும். வெளிநாட்டு பையரோடு வீடியோ காலில் பேசும்போது ஃபேன் இரைந்து படம் திக்கும். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜர், அதில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ், உங்கள் கார்டின் பிராப்பர்டீஸ், டிரைவர் டேப். டிரைவரின் தேதி அங்கே இருக்கும். ரோல் பேக் டிரைவர் பட்டன் அழுத்த முடிகிற மாதிரி இருந்தால் அழுத்துங்கள். மங்கலாக இருந்தால் பழையது சேமிக்கப்படவில்லை. லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து டிரைவரை எடுத்துப் போடுங்கள். அப்புறம் ஆக்சலரேஷனை மறுபடி ஆன் செய்து, ஷார்ட்கட்டில் சேர்த்ததையும் எடுத்துவிடுங்கள். அந்த அக்காவின் கம்ப்யூட்டர் ரோல் பேக்கிலேயே சரியானது. ஜிஎஸ்டிஆர்-1 மதியத்துக்குள் போய்விட்டது.

ஆன்டிவைரஸ்

வெளி ஆன்டிவைரஸ் பல, பிரவுசருக்குள் தன் கோப்பு ஒன்றை நுழைத்துக் கண்காணிக்கும். விண்டோஸ் புதிதாகி, ஆன்டிவைரஸ் பழசாகவே இருந்தால் இரண்டும் மோதும். 2019 அக்டோபரில் குரோம் 78 வந்தபோது, வெளிக் கோப்புகளை உள்ளே விடாத ஒரு பாதுகாப்பை அதில் சேர்த்தார்கள். சில பழைய ஆன்டிவைரஸ் இருந்த கம்ப்யூட்டர்களில் எந்தப் பக்கமும் திறக்காமல் ஆ ஸ்னாப் மட்டுமே வந்தது.

நெட் கேபிளைக் கழற்றிவிட்டு, ஆன்டிவைரஸைப் பத்து நிமிடம் நிறுத்தி, பிரவுசரைத் திறந்து பாருங்கள். பக்கம் வராது, பரவாயில்லை, ஜன்னல் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. நின்றால் ஆன்டிவைரஸைப் புதுப்பியுங்கள். நிறுத்தினாலும் சிலவற்றின் கோப்பு உள்ளேயே இருக்கும், அப்போது முழுதாக எடுத்துப் பார்க்க வேண்டியதுதான். எடுத்துவிட்டால் விண்டோஸின் டிஃபெண்டர் தானாகப் பொறுப்பேற்கும். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆன்டிவைரஸ், அதில் ஒன்று காலாவதி ஆனது என்று இருந்தால், காலாவதியானதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

எக்ஸ்டென்ஷனும் புரொஃபைலும்

குரோமில் வலது மேல் மூலையில் உங்கள் படத்தை அழுத்தி கெஸ்ட் ஜன்னலைத் திறங்கள். அதில் எக்ஸ்டென்ஷனும் இல்லை, உங்கள் புரொஃபைலும் இல்லை. ஃபயர்பாக்ஸ் என்றால் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே திறந்தால் டிரபிள்ஷூட் மோட் கேட்கும். இப்படித் திறந்தால் விழவில்லை என்றால், எக்ஸ்டென்ஷன்களை எல்லாம் ஆஃப் செய்து ஒவ்வொன்றாக ஆன் செய்யுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றாதீர்கள், எது காரணம் என்று தெரியாமலே போகும்.

எக்ஸ்டென்ஷன் காரணம் இல்லை என்றால், காப்பி எடுத்தோமே, அந்த யூசர் டேட்டா ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள், அழிக்க வேண்டாம். குரோமைத் திறந்தால் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். அது நின்றால், குரோமை மூடிவிட்டு, பழைய ஃபோல்டருக்குள் டீஃபால்ட் என்பதில் இருக்கும் புக்மார்க்ஸ் என்ற ஒரே கோப்பை எடுத்துப் புதிய டீஃபால்ட்டுக்குள் வையுங்கள். பழையதை முழுசாகத் திரும்ப வைத்தால் கோளாறும் திரும்ப வரும்.

கரண்ட் போய் அப்டேட் பாதியில் நின்றிருந்தால்

மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட் இல்லாத நாள் நம் ஊர்களில் உண்டு. யுபிஎஸ் பேட்டரி பழசாகி, அப்டேட் முப்பது சதவீதத்தில் ஓடும்போது பொசுக்கென்று அணைந்தால் சிஸ்டம் கோப்புகள் பழுதாகலாம். அப்போது பிரவுசரோடு வேறு சிலவும் தடுமாறும்.

கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, முதலில் பழுதான சிஸ்டம் கோப்புகளைச் சரி செய்யும் டிஐஎஸ்எம் கட்டளை. டிஐஎஸ்எம், இடைவெளி, சாய்கோடு ஆன்லைன், இடைவெளி, சாய்கோடு கிளீனப் சிறுகோடு இமேஜ், இடைவெளி, சாய்கோடு ரெஸ்டோர்ஹெல்த், எல்லாம் ஆங்கில எழுத்தில். இதற்கு நெட் வேண்டும். ஒரே சதவீதத்தில் வெகு நேரம் நிற்கும், மூடிவிடாதீர்கள். முடிந்ததும் எஸ்எஃப்சி, இடைவெளி, சாய்கோடு ஸ்கேன்நவ். அப்புறம் ரீஸ்டார்ட்.

இத்தனைக்குப் பிறகும் பிரவுசர் மூடிக்கொண்டே இருந்தால்தான் அப்டேட்டை எடுப்பது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அப்டேட் ஹிஸ்டரி, அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். ரிலையபிலிட்டி ஹிஸ்டரியில் பார்த்த அப்டேட்டின் கேபி எண் (கேபி என்று தொடங்கும் அடையாள எண்) உள்ளதை மட்டும் எடுங்கள். பாதுகாப்புக்கான திருத்தமும் அதோடு போகிறது என்பதால், அடுத்த மாத அப்டேட்டைக் கட்டாயம் போட்டுவிட வேண்டும்.

விண்டோஸ் 7-இல் இன்னும் ஓட்டுபவர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது. குரோம் 109-தான் அதற்கு வந்த கடைசிப் பதிப்பு. உபுண்டு லினக்ஸில் 21.10 பதிப்பு முதல் ஃபயர்பாக்ஸ் ஸ்னாப் என்ற பொதி வடிவில் வருகிறது, புதுப் பதிப்பு சரியில்லை என்றால் ஸ்னாப் ரிவர்ட் கட்டளையில் முந்தையதற்குத் திரும்பலாம்.

போனில் அப்டேட்டுக்குப் பிறகு குரோமும் வேறு ஆப்களும் சேர்ந்து விழுந்தால், ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூவைப் பாருங்கள், ஆப்களுக்குள் இணையப் பக்கங்களைக் காட்டுவது அதுதான். 2021 மார்ச்சில் அதன் ஒரு பழுதான அப்டேட்டால் உலகம் முழுக்க ஆப்கள் விழுந்தன. பிளே ஸ்டோரில் அதையும் குரோமையும் புதுப்பித்தால் சரியாகிவிடும்.

இவற்றைச் செய்ய வேண்டாம்

டார்கெட் கட்டத்தில் நோ சேண்ட்பாக்ஸ் என்று சேர்க்கச் சொல்லும் வீடியோக்கள் இருக்கின்றன. திறக்கும்தான், ஆனால் கெட்ட பக்கம் ஒன்று கம்ப்யூட்டருக்குள் கைவைக்காமல் தடுக்கும் சுவரை எடுத்துவிடுகிறீர்கள். பேங்க் வேலை நடக்கும் கம்ப்யூட்டரில் அது கூடவே கூடாது. ரெஜிஸ்ட்ரி கிளீனர், எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிக்கும் சாஃப்ட்வேர் இரண்டும் வேண்டாம். தேடலில் கஸ்டமர் கேர் என்று வரும் போன் நம்பருக்கு அடிக்காதீர்கள். கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து பார்க்கிறேன் என்று ஒரு ஆப்பைப் போடச் சொல்லி, பணத்தை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் அதில் இருக்கிறார்கள்.

அப்டேட்டின் தேதியை நீங்களே வையுங்கள்

அப்டேட்டை நிரந்தரமாக நிறுத்தச் சொல்ல மாட்டேன். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட்டுக்குள் பாஸ் அப்டேட்ஸ் இருக்கிறது. விண்டோஸ் 11-இல் ஒரு வாரம் முதல் ஐந்து வாரம் வரை தள்ளலாம். பல்லடம் ரோட்டு அக்கா இப்போது மாதம் 7-ஆம் தேதி இரண்டு வாரம் தள்ளி வைக்கிறார். 11 போகிறது, வரி கட்டும் மாதக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி-யின் 20 போகிறது. 21-ஆம் தேதி சாயங்காலம் யூசர் டேட்டாவை பென்டிரைவில் காப்பி எடுத்து, யுபிஎஸ் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு, அப்டேட்டை அழுத்திவிட்டு வீட்டுக்குப் போகிறார்.